நடுத்தாள்

லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தும் அந்தப் பெண்மணி படியேறித்தான் வந்தார். மூன்றாம் மாடிக் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கியபடியே கேட்டார்: "இங்க ரூல்ஸ் பாக்கறவங்க யாரு?"

கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தது.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி விற்பவர்கள் உண்டு, பணம் கொடுப்பவர்கள் உண்டு. இரு தரப்பும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்க ஒருவர் தேவை. அவருடைய பெயர்ப்பலகையில் 'இணக்க மேலாளர்' என்று இருந்தது. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தனக்கு வைத்த பெயர் அவருக்குத் தெரியும். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

எதிர் மேசையில் உதவி மேலாளர். விற்பனைப் பிரிவில் பத்து வருடம் ஓடிவிட்டு, மூன்று வருடம் முன்பு இங்கே மாற்றலாகி வந்தவர். பாதி கேட்டதுமே கிளம்பிவிடுவார். அவர் பெயர் ராக்கெட்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க" என்றார் மேலாளர்.

பெண்மணி தண்ணீரைத் தொடவில்லை. நான்காக மடித்த கடிதத்தை மேசையில் வைத்தார். நிறுவனத்தின் கடிதம்தான். மேலாளர் கையெழுத்திலிருந்து தொடங்கி மேலே போனார். நடுவில் இருந்த வரியில் கண் நின்றது: 'காப்பீடு பெற்றவர் தமது இதய சிகிச்சையை வேண்டுமென்றே மறைத்துள்ளார். எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

"எங்க வீட்டுக்காரர் சாவி வெட்டறவர்" என்றார் பெண்மணி. "நானும் கூட நின்னு வெட்டுவேன். கடைக்குக் கடன் வாங்கினப்போ இந்தப் பாலிசி போட்டோம். அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா பாலிசியே கடனை அடைச்சிடும்னாங்க. அவர் போய் அஞ்சு மாசம் ஆகுது. இப்போ இது வந்திருக்கு. கடையை வித்துடுங்க அண்ணின்னு கொழுந்தனார் நிக்கறார்."

"ம்."

"கடைகூடப் போகட்டும் மேடம். மாமியார் இதைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். 'வேண்டுமென்றே'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சே, அதுக்கப்புறம் அவங்க என்கூடப் பேசறதில்ல. நீதான் மறைக்கச் சொல்லிக் கொடுத்தியான்னு ஒரே ஒரு கேள்வி. அதோட சரி."

"அவர் மறைச்சாரா?"

"இல்ல. படிவம் எழுதினது எங்க கடையில. நான் பக்கத்துல நின்னேன். ரத்தக்குழாயில ஸ்டென்ட் வச்சதை எழுதினார். எப்போ வச்சது, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம். அவர் எழுதினா மறக்கவே முடியாது மேடம். அரம் பிடிக்கிற கை. பேனாவையும் அப்படித்தான் பிடிப்பார். கடை ரசீதுக்கு அடியில கார்பனே வைக்க வேணாம்."

மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். மறுபரிசீலனைக் குழு அன்று மாலை நான்கு மணிக்குக் கூடுகிறது. பட்டியலில் சாவிக்காரரின் பெயர் கடைசியாக இருந்தது. குழு கையெழுத்திட்டுவிட்டால் நிறுவனத்துக்குள் வேறு கதவு கிடையாது. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதுதான்.

ராக்கெட் எழுந்தேவிட்டார். "ஏஜென்ட் வேலைதான் மேடம்! கமிஷனுக்காக மாத்தியிருப்பான். நான் போய்ச் சட்டையைப் பிடிச்சு..."

"சட்டையை அப்புறம் பிடிக்கலாம். முதல்ல ஃபைலைப் பிடிங்க."

ஆவண அறையிலிருந்து அசல் கோப்பு வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கோரிக்கைப் பிரிவுத் தலைவர் தொலைபேசியில் வந்தார். குழுவுக்கும் அவர்தான் தலைவர். "அந்தச் சாவிக்கடை கேஸை ஏன் தோண்டறீங்க மேடம்? நாலு மணிக்கு ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

"நாலு மணிக்குத்தானே சார்? இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு" என்று மேலாளர் தொலைபேசியை வைத்தார்.

விண்ணப்பப் படிவம் மூன்று தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டுமே அச்சு. முதல் தாளில் பெயர், முகவரி, வாரிசு விவரம். நடுத்தாளில் உடல்நலம் பற்றிய பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். 'ஆம்' என்றால் விவரம் எழுத வலப்பக்கம் கொஞ்சம் இடம். மூன்றாம் தாளில் உறுதிமொழி. வாடிக்கையாளரின் கையெழுத்து அதில் மட்டும்தான்.

நடுத்தாளில் பன்னிரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' கட்டத்தில் நீலக் குறி. விவரம் எழுதும் இடம் முழுவதும் வெள்ளை.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு இருக்கே" என்று ராக்கெட் முணுமுணுத்தார்.

மேலாளர் மூன்று தாள்களின் அடி ஓரத்தையும் பார்த்து, குறிப்பேட்டில் மூன்று எண்களை எழுதிக்கொண்டார்: 4, 5, 4.

"லாட்டரி நம்பரா மேடம்?"

"விழுந்தா பாதி உங்களுக்கு. அந்தப் பின்னை மெதுவா எடுங்க. தாள் கிழியக் கூடாது."

பின்னை எடுத்ததும் மூன்று தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தார். முதல் தாளின் மூலையில் நான்கு துளைகள். இரண்டு நெருக்கமானவை, இரண்டு சற்று அகன்றவை. மூன்றாம் தாளிலும் அதே நான்கு. நடுத்தாளில் இரண்டு மட்டும். அகன்ற ஜோடி.

ராக்கெட்டின் முகம் மலர்ந்தது. "மாத்தியிருக்காங்க! சொன்னேன்ல! ஏஜென்ட்!"

"மாத்தியிருக்காங்க. அது வரைக்கும் சரி. யாருன்னு துளை சொல்லாது, எப்போன்னுதான் சொல்லும். வாங்க, படிவம் போற வழியில நாமளும் போவோம்."

பெண்மணியை வரவேற்பறை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் கீழே போனார்கள். தரைத்தளத்தில்தான் அந்தப் பாலிசியை விற்ற கிளை இருந்தது.

ஒரு படிவம் போகும் வழி சின்னதுதான். முகவர் வாடிக்கையாளரிடம் எழுதி வாங்குவார், பின் அடிப்பார், கிளையில் கொடுப்பார். கிளை மேலாளர் படித்துப் பார்த்து முதல் தாளில் கையெழுத்திடுவார். பிறகு ஸ்கேன் மேசை. அங்கே பின்னைக் கழற்றி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, மறுபடி பின் அடித்து ஆவண அறைக்கு அனுப்புவார்கள். ஸ்கேன் ஆன நாளும் நேரமும் கணினியில் தானாகப் பதியும். அதை மாற்ற யாராலும் முடியாது.

முகவர் நுழைவாயிலிலேயே கிடைத்தார். தோளில் கனத்த பை. ராக்கெட் அவர் முன்னால் போய் நின்றார்.

"என்ன அண்ணே, சாவிக்காரர் கேஸ்ல நல்லா மாட்டினீங்களா?"

"நான் என்ன சார் பண்ணேன்?" முகவர் பையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "கையெழுத்து எங்க போடணும்னு காட்டுவேன். பின் அடிப்பேன். கொண்டுவந்து கொடுப்பேன். யார் என்ன எழுதறாங்கன்னு நான் எதுக்குப் படிக்கணும்?"

"உங்க ஸ்டேப்ளரைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றார் மேலாளர்.

பையிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் சின்ன ஸ்டேப்ளர் வந்தது. தொலைந்து போகாமலிருக்கப் பையோடு நூல் கட்டியிருந்தது. மேலாளர் தன் குறிப்பேட்டின் மூலையில் ஒரு பின் அடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி. நாலு மணிக்கு மாடிக்கு வந்துடுங்க. வெளியூர் போயிடாதீங்க."

"நான் எங்கம்மா போகப்போறேன்" என்றார் முகவர். பார்வை மட்டும் ஒருமுறை கிளை மேலாளரின் கண்ணாடி அறைப் பக்கம் போய் வந்தது.

ஸ்கேன் மேசையில் இருந்தவர் இருபது வருட அனுபவக்காரர். கிளை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவருடைய ஸ்டேப்ளர் ஒரு செங்கல் அளவு இருந்தது.

"போன வருஷம் மார்ச் இருபத்தெட்டாம் தேதியா? கணக்காண்டோட கடைசி வேலை நாள். மறக்க முடியுமா? நூத்துச் சொச்சம் ஃபைல் ஒரே நாள்ல. ஏஜென்ட்டுங்க எல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நிக்கறாங்க, எனக்கு ரெண்டு கைதான்."

"ஃபைல்ல என்ன இருக்குன்னு பாப்பீங்களாக்கா?"

"பாத்தா அன்னைக்குள்ள முடியுமா? பின்னை எடுப்பேன், மெஷின்ல விடுவேன், பின் அடிப்பேன்." அவர் நிறுத்தி யோசித்தார். "அந்த வாரம் இன்னொரு கூத்து. படிவமே தீர்ந்து போச்சு. இருபத்தஞ்சாம் தேதிக்கப்புறம் இந்தக் கிளையில வெத்துப் படிவம் ஒண்ணுகூடக் கிடையாது. ஏஜென்ட்டுங்க பையில வச்சிருந்ததை வச்சுத்தான் ஓட்டினாங்க. ஒண்ணாம் தேதி புதுப் படிவம் வந்ததுக்கப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

மேலாளர் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இருபத்தைந்து முதல் மாதக் கடைசி வரை 'இருப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அடுத்த மாதம் இரண்டாம் தேதியிட்ட ஒரு குறிப்பு: முகவர்கள் மீதம் வைத்திருந்த பழைய படிவங்கள் திரும்பப் பெறப்பட்டு, கிளை மேலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன.

பிறகு அக்காவின் கணினியில் சாவிக்காரரின் ஸ்கேனைத் திறக்கச் சொன்னார். இருபத்தெட்டாம் தேதி, மாலை ஐந்து பத்து. நடுத்தாளில் அன்றே பன்னிரண்டு 'இல்லை'. மேலாளர் அடி ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார்.

கடைசியாகக் கண்ணாடி அறை. கிளை மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் பின்னால் ஒரு கோப்பை பளபளத்தது: 'ஆண்டின் சிறந்த கிளை. ஆயிரம் பாலிசிகள்.'

"ரவுண்டா ஆயிரமா சார்?" என்று ராக்கெட் வியந்தார்.

"ரவுண்டா ஆயிரம்! ஒண்ணு குறைஞ்சிருந்தா கோப்பை பக்கத்துக் கிளைக்குப் போயிருக்கும். காபி சொல்லவா மேடம்?"

"வேணாம் சார். சாவிக்காரர் படிவம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்கு நூறு ஃபைல் பாத்தேன். படிவத்துல என்ன இருக்கோ அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்." அவர் பெருமூச்சு விட்டார். "பாவம்தான். ஆனா செத்துப் போனவங்க எல்லாருமே உண்மை பேசினவங்களா ஆயிடறாங்க மேடம். நம்ம தொழில்ல பாக்காததா?"

"பாத்திருக்கோம்" என்றார் மேலாளர்.

படியில் ஏறும்போது ராக்கெட் குமுறினார். "ஸ்டென்ட்னு எழுதியிருந்தா ஃபைல் டாக்டர் கமிட்டிக்குப் போகும் மேடம். அது முடிய பதினஞ்சு நாள். பாலிசி அடுத்த வருஷக் கணக்குல விழும். நான் சேல்ஸ்ல இருந்தவன், கடைசி நாள் படபடப்பு எனக்குத் தெரியும். ஆனா ஆதாரம்? ஏஜென்ட்டுக்கும் அதே படபடப்புதானே? அக்கா கையிலயும்தான் அந்தத் தாள் இருந்துச்சு."

"நல்ல கேள்வி. அந்த மூணு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் ஒரு பொருள் இருந்திருக்கு. அதைக் கொடுத்தது யார் தெரியுமா?"

"யாரு?"

"நான்தான்."

அவர் நேராகத் தன் அலமாரிக்குப் போனார். ஐந்து வருடக் காகிதங்களை அதில் வைத்திருப்பதால் அலுவலகமே அதைக் கேலி செய்யும். அடித்தட்டில் பன்னிரண்டு கிளைகளின் பெயரோடு பன்னிரண்டு உறைகள் இருந்தன. தரைத்தளக் கிளையின் உறையை எடுத்து ராக்கெட்டிடம் நீட்டினார். வெளியே 'பதினைந்து தாள்கள், சரி' என்று எழுதி, ஒரு சுருக்கொப்பம். ராக்கெட்டின் ஒப்பம்தான்.

"எண்ணித்தானே போட்டேன்?" என்றார் ராக்கெட் கலவரத்தோடு.

"எண்ணினீங்க. இப்போ படிங்க. அடியிலேர்ந்து."

ராக்கெட் தாள்களைப் புரட்டினார். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது... பதினோராவது தாளில் கை நின்றது. அதன் அடி ஓரத்தை மூன்று முறை படித்தார். ராக்கெட் எதையும் மூன்று முறை படித்ததில்லை.

நான்கு மணிக்குக் கூட்ட அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் குழுத் தலைவர். ஒரு பக்கம் கிளை மேலாளரும் அக்காவும், சற்று விலகி முகவர். எதிர்ப்பக்கம் ராக்கெட்டும் சாவிக்காரரின் மனைவியும். ஏழாவதாக உள்ளே வந்த மேலாளர் கதவைச் சாத்தினார்.

"சுருக்கமாச் சொல்லுங்க மேடம்" என்றார் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து.

"மூணு தாள் சார், அவ்வளவுதான்." மேலாளர் படிவத்தை மேசையில் பரப்பினார். "முதல் தாளிலயும் மூணாவது தாளிலயும் நாலு நாலு துளை. நெருக்கமான ரெண்டு, முகவரோட சின்ன ஸ்டேப்ளர் போட்டது. அகன்ற ரெண்டு, அக்காவோட பெரிய ஸ்டேப்ளர் போட்டது. நடுத்தாளில அகன்றது மட்டும்தான் இருக்கு. அப்படின்னா முகவர் பின் அடிச்சப்போ இந்தத் தாள் அங்க இல்ல. அக்கா பின் அடிச்சப்போ இருந்துச்சு. நடுவுல வந்து சேர்ந்திருக்கு."

"நடுவுலன்னா?" என்றார் தலைவர். அவர் கடிகாரத்தை விட்டுத் தாளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"அங்கதான் அடி ஓரம் வருது. நாம எந்தப் படிவத்தைத் திருத்தினாலும் அடியில திருத்த எண் போடுவோம். முதல் தாள், திருத்தம் நாலு. மூணாவது தாள், திருத்தம் நாலு. நடுத்தாள், திருத்தம் அஞ்சு."

ராக்கெட்டால் பொறுக்க முடியவில்லை. "அஞ்சாம் திருத்தம் புழக்கத்துக்கு வந்ததே அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சார்! ஆனா இருபத்தெட்டாம் தேதி ஸ்கேன்லயே அஞ்சுதான் இருக்கு!"

"இன்னும் வராத படிவம் எப்படி வந்துச்சு?" என்றார் தலைவர்.

"நான் அனுப்பினேன்" என்றார் மேலாளர். "புதுப் படிவத்தைப் பத்திச் சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு கிளை மேலாளருக்கும் அஞ்சு மாதிரிப் படிவம், மூடின உறையில, பத்து நாள் முன்னாடியே. முகவர்களுக்குக் கொடுக்கல, கவுன்டருக்கும் கொடுக்கல. கையொப்பம் வாங்கிட்டுக் கிளை மேலாளர் கையில மட்டும். 'மாதிரி'ன்னு முத்திரை குத்தினேன். முதல் தாள்ல மட்டும். அது என் தப்பு."

கிளை மேலாளர் சிரித்தார். "பன்னிரண்டு கிளை மேலாளர் இருக்கோமே மேடம்."

"இருக்கீங்க. இந்த ஃபைலைத் தொட்டது நீங்க ஒருத்தர். அன்னைக்குக் கிளையில வேற வெத்துப் படிவமே இல்ல, பதிவேடு சொல்லுது. அஞ்சாம் திருத்தத்துல மாறினது முதல் தாள்ல இருக்கிற வாரிசுப் பகுதி மட்டும். உடல்நலக் கேள்விகள் ஒரு எழுத்துகூட மாறல. அதனால உங்க டிராயர்ல இருந்த மாதிரியோட நடுத்தாள் கச்சிதமாப் பொருந்திச்சு."

"மாதிரி அஞ்சையும் நான் திருப்பி அனுப்பிட்டேனே. உங்க ஆளுங்களே எண்ணிச் சரின்னு சொன்னாங்களே."

ராக்கெட் உறையை மேசையில் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது. "எண்ணினது நான்தான் சார். பதினஞ்சு தாள், சரி. ஆனா பதினாலு தாள் அஞ்சாம் திருத்தம். ஒண்ணு நாலாம் திருத்தம். அதுவும் நடுத்தாள். ரெண்டாம் தேதி முகவர்கள்கிட்டேயிருந்து பழைய படிவம் திரும்பி வந்ததும், அதுல ஒண்ணை உருவி எண்ணிக்கையைச் சரி பண்ணியிருக்கீங்க. மத்த பதினோரு உறையையும் மத்தியானமே திறந்து பாத்துட்டேன். எதுலயும் இப்படி இல்ல."

"இணக்கப் பிரிவு எண்ணும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் மேலாளர் கிளை மேலாளரிடம். "எண்ணிக்கை சரியா இருந்தா மேல பாக்க மாட்டாங்கன்னும் தெரியும். எங்க வேலையை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கீங்க."

கிளை மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பேசியபோது குரல் பதறவில்லை.

"சரி. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பழைய தாள் மேல காபி கொட்டிடுச்சு. கடைசி நாள், ஆளைக் கூப்பிட நேரமில்ல. அதுல என்ன இருந்துச்சோ அதையே புதுத் தாள்ல குறிச்சேன். எல்லாம் 'இல்லை'தான். நடைமுறைத் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அவர் ஸ்டென்ட்னு எழுதினார்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்? அந்தத் தாள் இப்போ இல்ல."

தலைவர் மேலாளரைப் பார்த்தார். "அது நியாயமான கேள்விதான் மேடம். தாள் மாறினது வேற. பதில் மாறினது வேற."

மேலாளர் மூன்றாம் தாளை எடுத்து, மேசைக்குக் குறுக்கே சாவிக்காரரின் மனைவி முன்னால் வைத்தார்.

"காலையில உங்க வீட்டுக்காரர் கையைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

பெண்மணி புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, வெட்டிய சாவியில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல, கட்டை விரலைத் தாளின் வலப்பக்கத்தில் மெல்ல ஓட்டினார். உறுதிமொழி வரிகளைத் தாண்டி, கையெழுத்துக்கு வெகு மேலே, வெள்ளையாக இருந்த ஓரத்தில் விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி நின்றது.

"இருக்கு" என்றார். "இங்க இருக்கார்."

ராக்கெட் பென்சிலை எடுத்தார். மேலாளர் அவர் கையைத் தட்டினார். "அசல் ஆவணத்துல பென்சில் படக் கூடாது. விளக்கை அணைங்க. செல்போன் வெளிச்சத்தைத் தாளோட மட்டத்துல, பக்கவாட்டுல பிடிங்க."

சாய்ந்த வெளிச்சத்தில் வெற்றுத் தாளிலிருந்து பள்ளங்கள் நிழலாக எழுந்தன. மை இல்லாத எழுத்து. நடுத்தாளில் எழுதியபோது அடியில் இருந்த மூன்றாம் தாளில் பதிந்தது. தலைவர் எழுந்து வந்து குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: "ரத்தக்குழாயில்... ஸ்டென்ட்... இரண்டு வருடம்... முன்பு." அடுத்த வரியில் ஒரு மருத்துவமனையின் பெயர் பாதி தெரிந்தது.

மேலாளர் உறையிலிருந்த நாலாம் திருத்த நடுத்தாளை எடுத்து, ஓரங்களும் மூலைகளும் பொருந்தும்படி மூன்றாம் தாளின் மேல் வைத்தார். பிறகு அதன் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார். சரிக்குறி வடிவில் ஓர் ஆழமான பள்ளம். அதற்கு நேர் மேலே, இதய சிகிச்சை பற்றிய ஏழாம் கேள்வியின் 'ஆம்' கட்டம்.

"காபி கொட்டினது இந்தத் தாள்ல படலை சார்" என்றார் அவர்.

முதலில் உடைந்தது முகவர்தான். "நான் சொன்னேன்மா! இது டாக்டர் கமிட்டிக்குப் போகணும்னு அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொன்னேன். வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்னார். அதுக்கப்புறம் வாயைத் திறந்தா என் ஏஜென்சி போயிடும்னு..." அவர் சாவிக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "தப்புதாங்க தங்கச்சி. உங்க கடை வழியாப் போறதையே நிறுத்திட்டேன்."

பெண்மணியின் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது.

கிளை மேலாளர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஆயிரத்துக்கு ஒண்ணே ஒண்ணு குறைஞ்சுது."

"உங்களுக்கு அது ஆயிரமாவது" என்றார் மேலாளர். "அவங்களுக்கு அது ஒண்ணுதான்."

தலைவர் விளக்கைப் போட்டார். நிராகரிப்பை ரத்து செய்து, கடன் தொகையை வங்கிக்கு அனுப்பும்படி குறிப்பு எழுதினார். கிளை மேலாளர் மீதான விசாரணைக்குத் தனிக் கோப்பு திறக்கச் சொன்னார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அவர் பேனாவை மூடப்போனபோது மேலாளர் கையை உயர்த்தினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார். நாம முதல்ல அனுப்பின கடிதத்துல ஒரு வார்த்தை எழுதினோம். பணம் கொடுக்கறதால அது அழியாது."

"ரத்துன்னா எல்லாம் ரத்துதானே மேடம்?"

"ரத்துன்னு வீட்டுல படிச்சுக் காட்டினா ஒருத்தருக்கும் புரியாது. தெளிவா எழுதணும்."

தலைவர் சற்று யோசித்தார். "எழுதுங்க. அடிக்குறிப்பாப் போட்டுடுங்க" என்றவர், சொன்னது என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

அரை மணி நேரம் கழித்து, மூன்றாம் மாடியில் அச்சு இயந்திரம் ஒரு கடிதத்தைத் தள்ளியது. மேலாளர் அதை வழக்கம்போல் அடியிலிருந்து மேலே படித்துச் சரிபார்த்தார். பிறகு பெண்மணியிடம் கொடுத்தார். "நீங்க மேலேயிருந்து படிங்க."

முதல் வரி இப்படி இருந்தது: 'தங்கள் கணவர் தமது சிகிச்சையைப் பற்றி எங்களிடம் உண்மையாகவும் முழுமையாகவும் தெரிவித்திருந்தார். மறைத்தது எங்கள் தரப்பு.'

பெண்மணி அதை இரண்டு முறை வாசித்தார். மூன்றாம் முறை உதடு அசைய வாசித்தார். மாமியாருக்குப் படித்துக் காட்டும் வேகத்தில். பிறகு மடிக்காமல், ராக்கெட் கொடுத்த அட்டை உறைக்குள் நேராக வைத்தார். காலையில் தொடாத தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

ராக்கெட் தன் மேசையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். ஆறாம் திருத்தம். மூன்று தாளின் அடியிலும் கையெழுத்துக்கு ஒரு கோடு. மாதிரிப் படிவமானால் மூன்று தாளிலும் முத்திரை. மேலாளர் சொல்லாமலே அவராகச் செய்தது.

"வாங்கம்மா, நான் கீழ வரைக்கும் வரேன்" என்று ராக்கெட் எழுந்தார். "படியிலதானே போவீங்க?"

"காலையில படியில வந்தது, லிஃப்ட்ல யாராவது என்ன விஷயமா வந்தீங்கன்னு கேட்டுடுவாங்களோன்னுதான்" என்றார் பெண்மணி.

தரைத்தளத்துக்கு இறங்க லிஃப்டில் ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள். பெண்மணி அட்டை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர்களுக்கு நடுவில் நின்றார்.